கர்ப்பிணித் தாய்மாரும் நாட்டு மருந்தும்



நாட்டு மருந்தைப் பழிக்க நாம் வரவில்லை. மசக்கைக்கு இஞ்சி, ரசத்தில் சீரகம் என்று உணவளவில் சேர்ப்பதை யாரும் தடுக்கவில்லை.

ஆனால் பெயர்ச்சீட்டில்லாத உருண்டையும் செந்தூரமும் அப்படியல்ல. சிலவற்றில் ஈயமும் பாதரசமும் கண்டறியப்பட்டுள்ளன. அவை தாயின் இரத்தத்தின் வழியே கருவிலுள்ள சிசுவையும் தாக்கும்.

1992 முதல் நம் நாட்டில் பாரம்பரிய மருந்துகள் பதிவு செய்யப்படுகின்றன. 'எம்.ஏ.எல்.' என்று தொடங்கும் பதிவெண்ணைப் பார்த்தே வாங்குவோம். அந்த எண் இருந்தாலும் கர்ப்பிணிக்கு ஏற்றதென்று பொருளல்ல. பேறு எளிதாகுமென்று சொல்லப்படும் காச்சிப் பாத்திமாவும் கர்ப்பத்தில் வேண்டாம்.

கிளினிக்கில் ஏசுவார்கள் என்றஞ்சி ஒளிப்பதே பெருங்கேடு. உண்பது எதுவாயினும் மிஸியிடம் சொல்லுவோம். ஏசாமல் கேட்பது அவர்கள் கடமை. மாமியாரும் கணவரும் இதற்குத் துணை நிற்கவேண்டும்.