கடற்கரையும் நம் பிள்ளைகளும்

 

வெள்ளி விழாக் காணும் இம்மேடையில், அயல்நாட்டில் தங்கிப் பயிலும் ஒரு மாணவர் அந்நாட்டுக் குடும்பத்தோடு கடற்கரைக்குச் செல்லும் ஒரு நாளைப் பற்றிப் பேச முற்படுகிறோம். உல்லாசப் பயணத்தைப் பற்றி நம்மவர்க்கு என்ன பேச்சு என்று சிலர் எண்ணலாம். நீர்க்கரையில் நிற்கும் உரிமை நம்மவர்க்கு ஒருபோதும் சிறிய பொருளாக இருந்ததில்லை. ஆதலின் இப்பொருளைத் தேர்ந்தோம்.

மாணவர் பரிமாற்றம் என்பது போரின் சாம்பலில் முளைத்த ஒரு பயிர். முதல் உலகப் போரிலும் இரண்டாம் உலகப் போரிலும் காயமுற்றோரை ஏற்றிச் சென்ற அமெரிக்கத் தொண்டர்கள், போர் முடிந்தபின் நாடுகளுக்கிடையே பகை மூளாதிருக்க என்ன செய்யலாம் என்று எண்ணினர். 1947-ஆம் ஆண்டில் பத்து நாடுகளிலிருந்து 52 மாணவர்களை அமெரிக்காவிற்கு வரவழைத்தனர். ஏ.எஃப்.எஸ். என்று வழங்கும் அமைப்பின் மாணவர் பரிமாற்றம் இவ்வாறு தொடங்கியது. வரும் மாணவர் விடுதியில் தங்குவதில்லை. ஓர் இல்லத்தில் பிள்ளையாகத் தங்குகிறார். அமெரிக்க அரசின் பரிமாற்ற விதிகளின்படி, உயர்நிலைப் பள்ளி மாணவரை ஏற்கும் குடும்பம் அதற்காக ஊதியம் பெறுவதில்லை. பதினைந்து முதல் பதினெட்டரை வயதிற்குட்பட்ட பிள்ளையை, முன்பின் அறியாத ஒரு குடும்பம் தன் சமையலறைக்குள்ளும் உணவு மேசைக்கும் அழைத்துக்கொள்கிறது. நம் முன்னோர் எத்தனை இல்லங்களின் வாயிலுக்கு வெளியே நின்றனர் என்பதை அறிந்தவர்க்கு இதன் பெருமையை விளக்க வேண்டியதில்லை.

நம் மாணவி ஒருத்தி அவ்வாறு சென்றிருக்கிறாள் என்று கொள்வோம். கோடை விடுமுறையில் ஒரு நாள் குடும்பத்தார் கடற்கரைக்குப் புறப்படுகின்றனர். ஐஸ் பெட்டியில் ரொட்டியும் பழங்களும் குளிர்ந்த நீரும் அடுக்குகின்றனர். வெயிலில் தோல் கன்றாதிருக்கக் களிம்பு பூசிக்கொள்கின்றனர். பெட்டியைத் தூக்குவதில் வீட்டுத் தலைவர்க்கும் பங்குண்டு. விருந்தினப் பெண்ணுக்கும் பங்குண்டு. அங்கு அவள் வேலைக்காரி அல்லள். வேலையில் பங்கு பெறும் மகள். இவ்வேற்றுமையை நம் பிள்ளைகள் உணர்ந்து செல்லுதல் நலம்.

கடற்கரையில் உயர்ந்த மேடையொன்றில் உயிர்காப்பாளர் அமர்ந்திருப்பார். அமெரிக்கக் கடற்கரைகள் பலவற்றில் கொடிகள் பறக்கும். பச்சைக் கொடி கடல் அமைதியாக உள்ளது என்பதற்கு, மஞ்சள் எச்சரிக்கைக்கு, சிவப்பு பேரிடருக்கு. இரண்டு சிவப்புக் கொடிகள் பறந்தால் எவரும் நீரில் இறங்கலாகாது. கரையிலிருந்து உள்நோக்கி இழுக்கும் நீரோட்டத்தில் அகப்பட்டவர், கரையை நோக்கி எதிர்நீச்சலிட்டுச் சோர்ந்துவிடாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அந்த ஓட்டத்தைவிட்டு வெளியேற வேண்டும். அங்குள்ள பெற்றோர் இவற்றைத் தம் பிள்ளைகளுக்குச் சிறு வயதிலேயே கற்பிக்கின்றனர்.

அவ்வேளையில் குடும்பத்தார் நம் மாணவியை நோக்கி, "உனக்கு நீந்தத் தெரியுமா?" என்று வினவுவர். தெரியாது என்பதே நம் பிள்ளைகளுள் பலர் கூறக்கூடிய விடை. ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீண்ட கடற்கரையுடைய மாநிலத்துப் பெண் நீந்த அறியாதது ஏன் என்று அவர்கள் வியக்கலாம். விடை நம் வரலாற்றில் உள்ளது. ஊர்க்குளமும் பொதுக்கிணறும் நமக்கு மூடப்பட்டிருந்தன. குடிப்பதற்கே நீர் மொள்ள இயலாதவர் நீந்துவதற்கு எங்கே இறங்குவது? பொதுச் சாலைகளும் கிணறுகளும் குளங்களும் அனைவர்க்கும் உரியவை என்பதற்காக 1924-இல் சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொணர்ந்தவர் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள். 1927 மார்ச் 20-ஆம் நாள் மகத் நகரின் சவுதார் குளத்தில் ஆயிரக்கணக்கான மக்களோடு இறங்கி நீர் பருகினார் அண்ணல் அம்பேத்கர். தந்தைக்கு மறுக்கப்பட்ட குளம் மகனுக்குத் திறந்தாலும், நீச்சல் கற்பிக்கத் தந்தைக்குத் தெரியவில்லை. தடை நீங்கிய பின்னும் தடையின் விளைவு வீட்டிற்குள்ளேயே தங்கிவிடுகிறது.

இக்கதை நம்முடையது மட்டுமன்று. மாணவி நிற்கும் அக்கடற்கரை மெக்சிகோ வளைகுடாவில் மிசிசிப்பி மாநிலத்து பிலாக்சி நகரின் கரை என்று வைத்துக்கொள்வோம். இருபத்தாறு மைல் நீண்ட அந்த மணற்கரை பொதுப்பணத்தால் அமைக்கப்பட்டது. எனினும் கறுப்பின மக்கள் அதில் கால் வைக்கலாகாது என்றனர். கில்பர்ட் மேசன் என்னும் கறுப்பின மருத்துவர் 1959 மே 14-ஆம் நாள் சிறுவர்கள் உள்ளிட்ட சிலரோடு அந்நீரில் இறங்கினார். காவலர் வந்து வெளியேற்றினர். 1960 ஏப்ரல் 24-ஆம் நாள் நூற்றுக்கு மேற்பட்டோர் மீண்டும் இறங்கினர். வெள்ளையர் கும்பல் சங்கிலிகளோடும் தடிகளோடும் அவர்களைத் தாக்கியது. 1963 ஜூனில் மூன்றாம் முறையாக இறங்கினர். நீதிமன்றத் தீர்ப்பால் 1968-இல் அக்கரை அனைவர்க்கும் திறந்தது. தென்னாப்பிரிக்காவிலோ, நிறவெறி அரசு பிரித்து வைத்திருந்த கடற்கரைகள் 1989-ஆம் ஆண்டில்தான் எல்லார்க்கும் திறக்கப்பட்டன. அமெரிக்காவின் கறுப்பினக் குடும்பங்களிலும் நீந்த அறியாதோர் மிகுதியாக இருப்பதற்கு இப்பழைய தடைகள் ஒரு காரணம் என்று அறிஞர் கூறுவர்.

ஆகவே, அயல்நாடு என்றால் அங்கு எல்லாம் இயல்பாகவே சமம் என்று நம் இளைஞர் மயங்க வேண்டா. அங்கும் சமத்துவம் போராடிப் பெற்றதே. அதேபோல், அயல்நாட்டு வாழ்க்கை வெறும் பகட்டு என்று ஒதுக்கவும் வேண்டா. பரோடா மன்னரின் உதவித்தொகை பெற்று 1913-இல் கொலம்பியாப் பல்கலைக்கழகம் சென்ற அண்ணல், அயல்நாடுகளில் வாழ்ந்த ஆண்டுகளில் தாம் தீண்டத்தகாதவர் என்னும் நினைவே தம் உள்ளத்தைவிட்டு அகன்றிருந்ததாகப் பின்னாளில் எழுதினார். 1917-இல் பரோடா திரும்பியபோது தங்குவதற்கு இடம் கிடைக்கவில்லை. தங்கியிருந்த பார்சி விடுதியிலிருந்தும் தடியேந்தி வந்தோர் அவரை வெளியேற்றினர். மனிதனாக மதிக்கப்பட்டு வாழ்ந்து பார்த்தவர்க்கு அதனினும் குறைந்த வாழ்வை ஏற்க மனம் வாராது. அயலகக் கல்வியால் வரும் பெரும்பயன் இதுவே.

மாணவச் செல்வங்களே! வாய்ப்பு வந்தால் அஞ்சாது விண்ணப்பியுங்கள். சென்ற இடத்தில், நீந்தத் தெரியாது என்பதை வெட்கமின்றிக் கூறுங்கள். மறைத்தால் உயிருக்கே கேடு. கூறினால் கற்பிக்க ஒருவர் முன்வருவார். உங்கள் ஊரைப் பற்றிக் கேட்டால், பெருமையைக் கூறுவது போலவே சேரியைப் பற்றியும் கிணற்றைப் பற்றியும் உண்மையைக் கூறுங்கள். உண்மை கூறுவதால் நாட்டிற்கு இழுக்கு வாராது.

பெற்றோர்களே! பெண் பிள்ளையைக் கடல் கடந்து அனுப்புவதா என்று அஞ்சுகிறீர்கள். அவ்வச்சம் இயல்பே. அனுப்பும் அமைப்பு எது, ஏற்கும் குடும்பம் எது, இடர் நேர்ந்தால் யாரிடம் முறையிடுவது என்று கேட்டறிந்து அனுப்புங்கள். உடலை மூடும் நீச்சல் உடையும் உண்டு; உடையைக் காரணம் காட்டி வாய்ப்பை மறுக்க வேண்டா.

இறுதியாக, கழகத்தார்க்கு ஒரு வேண்டுகோள். இருபத்தைந்து ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தீர்கள். இனிவரும் ஆண்டுகளில், நம் மாணவர் ஒவ்வொருவரும், பெண் பிள்ளைகள் உட்பட, பள்ளியிறுதி வகுப்பிற்குள் நீச்சல் கற்க ஏற்பாடு செய்யுங்கள். கற்பிப்போர் கிடைக்கும் குளத்தைத் தேடுங்கள்; நம் ஊர்க்குளத்தில் இறங்க எவரேனும் தடுத்தால் சட்டத்தைக் காட்டி இறங்குங்கள். அயல்நாட்டுக் கரையில் ஒரு நாள் நிற்கப்போகும் பிள்ளைக்கு மட்டுமன்றி, நம் ஊர் ஏரியில் நாளை கால் இடறப்போகும் பிள்ளைக்கும் அதுவே காப்பாகும்.