காகம் கேட்ட கேள்வி

ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி வடைக் கதையைத் தன் போக்கில் எழுதினாள். நரி பாடச் சொன்னதும் அவளுடைய காகம், "உனக்கும் பசிக்குதா?" என்று கேட்டது. நோட்டில் 'மறக்கிளை'யைச் சுற்றிச் சிவப்பு வட்டம். கீழே பத்துக்கு நாலு. காகம் கேட்ட கேள்விக்கு ஒரு வார்த்தை இல்லை! எனக்கு மனசு கேட்கவில்லை.

1988-ல் ரூத் பட்லர் என்ற ஆய்வாளர் மதிப்பெண்ணும் கருத்தும் என்ன செய்கின்றன என்று இஸ்ரேலியப் பள்ளிப் பிள்ளைகளிடம் சோதித்துப் பார்த்தார். மதிப்பெண் போடாமல் கருத்து மட்டும் எழுதிக் கொடுத்தபோது பிள்ளைகள் முன்னேறினார்கள். கருத்தோடு மதிப்பெண்ணும் சேர்ந்தபோது அந்த முன்னேற்றம் இல்லை. எண்ணைப் பார்த்த கண் எழுத்துக்குப் போவதில்லை போலும்.

'மரக்கிளை'யைத் திருத்தத்தான் வேண்டும். அதை அப்புறம் செய்யலாம். ஆசிரியர்களே, முதலில் ஓரத்தில் ஒரு வரி எழுதுங்களேன்: "நரி என்ன பதில் சொன்னது?"