மறதி நோயும் ஸ்டெம் செல் சிகிச்சையும்

(மாதாந்திர நலக் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)





எங்களிடம் வரும் மருத்துவ உதவி மனுக்களில் அண்மைக்காலமாகப் புதிய ஒன்று சேர்ந்திருக்கிறது. மறதி நோய் கண்ட வாப்பாவுக்கோ உம்மாவுக்கோ ஸ்டெம் செல் ஊசி போட வேண்டும், சில லட்சம் ஆகும் என்கிறார்கள். நகையை அடகு வைத்துவிட்டு மீதித் தொகைக்கு வருகிறார்கள். அவர்களுக்கு நாங்கள் சொல்லும் பதிலை ஜமாஅத்தார் அனைவரும் அறிய வேண்டும்.

இந்த ஆராய்ச்சி உண்மையானது. ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் ஷின்யா யமனாக்கா, முதிர்ந்த செல்லை எந்த உறுப்பின் செல்லாகவும் வளரக்கூடிய நிலைக்குத் திருப்பும் முறையை 2006-ல் எலியின் செல்களில் காட்டினார். 2012-ல் நோபல் பரிசு பெற்றார். அம்முறையில் உருவாக்கிய செல்களை அதே பல்கலைக்கழக மருத்துவர்கள் பார்க்கின்சன் நோயாளிகள் 7 பேரின் மூளையில் செலுத்தி, 2 ஆண்டுகள் கவனித்தார்கள். முடிவு 2025 ஏப்ரலில் வெளியானது. கடுமையான பக்கவிளைவு இல்லை. பலனைக் கணக்கிட்ட 6 பேரில் 4 பேருக்கு உடலசைவு முன்னேறியிருந்தது.

ஆனால் மறதி நோயின் நிலை வேறு. பார்க்கின்சனில் அசைவு கெடுவதற்கு முக்கியக் காரணம், டோபமைன் சுரக்கும் ஒருவகை செல்கள் அழிவது. எந்த செல்லை எங்கே வைப்பது என்று மருத்துவருக்குத் தெரியும். அல்ஸைமரில் மூளையின் பல பகுதிகளில் செல்களும் அவற்றின் இணைப்புகளும் சேர்ந்து சிதைகின்றன. புதிய செல்லை வைத்தாலும், போன நினைவு அதோடு சேர்ந்து வந்துவிடாது. இந்தியாவில் அல்ஸைமருக்கு அனுமதி பெற்ற ஸ்டெம் செல் சிகிச்சை இல்லை.

சில இரத்த நோய்கள் போன்றவற்றுக்குத் தவிர, அனுமதி பெற்ற ஆய்வுக்கு வெளியே இச்சிகிச்சையைத் தரக்கூடாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல் கூறுகிறது. முறையான ஆய்வுக்கு மத்திய அரசின் மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் எண் இருக்கும். ஆய்வுச் சிகிச்சைக்கு நோயாளியிடம் கட்டணம் வாங்கக் கூடாது. லட்சக்கணக்கில் கேட்பவரிடம் முதலில் அந்தப் பதிவு எண்ணைக் கேளுங்கள்.

ஜகாத் நிதி எங்கள் கையில் உள்ள அமானிதம். ஆகவே இந்த ஊசிக்கு உதவுவதில்லை என்று முடிவெடுத்திருக்கிறோம். மூளை நரம்பியல் மருத்துவரின் பரிசோதனை, மாத்திரை, டயப்பர், பகலில் பார்த்துக்கொள்ளும் ஆளின் சம்பளம் ஆகியவற்றுக்குத் தகுதியுள்ள குடும்பங்கள் மனுச் செய்யலாம். பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். தைராய்டு குறைவு, வைட்டமின் பி12 குறைவு, மனச்சோர்வு ஆகியவற்றாலும் மறதி வரும். அவற்றுக்கு மருத்துவம் உண்டு.

ஊசி போடாததால் பெற்றோரைக் கைவிட்டுவிட்டோம் என்று எந்தப் பிள்ளையும் மனம் வருந்த வேண்டாம். பெயர் மறந்த உம்மாவுக்குப் பொறுமையோடு சோறு ஊட்டும் கைக்கு அல்லாஹ்விடம் கூலி உண்டு. நோயைத் தந்தவன் நிவாரணத்தையும் விரைவில் தருவானாக. ஆமீன்.