அடிமைச் சிறுவனும் சதுரமும்



மகன் காலேஜில் தத்துவம் படிக்கிறான், அது என்ன பாடம், சோறு போடுமா என்று உங்களில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். எஸ்.எஸ்.எல்.ஸி.யோடு நின்றுவிட்ட நாமும் அந்தப் புத்தகங்களைத் தூர நின்று கும்பிட்டவர்கள்தாம். பிறகு தட்டுத் தடுமாறிப் படித்தோம். முதல் வருஷ மாணவர்களுக்குப் பல நாடுகளில் சொல்லிக் கொடுக்கிற ஒரு சிறு பகுதியை மட்டும் இன்று பார்ப்போம்.

கிரேக்க நாட்டில் சுமார் 2,400 ஆண்டுகளுக்கு முன் பிளாட்டோ எழுதிய 'மெனோ' என்ற உரையாடல் அது. மெனோ பணக்கார வாலிபன். அவனுடைய ஏவலாட்களில் ஒரு அடிமைச் சிறுவனை சாக்ரடீஸ் கூப்பிடுகிறார். அவனுக்கு யாரும் கணிதம் கற்பித்ததில்லை.

ஒரு சதுரத்தை வரைந்து காட்டுகிறார். பக்கம் 2 அடி, பரப்பு 4 சதுர அடி. இதைப்போல் இரண்டு பங்கு, அதாவது 8 சதுர அடிக்கு ஒரு சதுரம் வேண்டும், பக்கம் எவ்வளவு? 4 அடி என்கிறான் பையன். நம்மில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லியிருப்போம். பெருக்கிப் பார்த்தால் 16 வருகிறது! சரி, 3 அடி? 9 வருகிறது. பையன் திகைத்துப்போய், தெரியவில்லை என்கிறான். அப்போது சாக்ரடீஸ் எஜமானன் பக்கம் திரும்புகிறார். முன்பு தெரியாமலே தெரியும் என்று நினைத்தான், இப்போது தெரியாது என்பதாவது தெரிந்ததே, இதனால் இவனுக்கு என்ன நஷ்டம் என்கிறார்.

பிறகு மூலைக்கு மூலை ஒரு கோடு. அது சதுரத்தை இரண்டு முக்கோணமாக வெட்டுகிறது. அந்தக் கோட்டையே பக்கமாக வைத்து எழுப்பும் சதுரத்தில் அதே முக்கோணம் நான்கு அடங்குகிறது. ஆகவே இரண்டு பங்கு. பையன் ஒப்புக்கொள்கிறான்.

இதுவரை தகராறு இல்லை. ஆனால் இதற்கு சாக்ரடீஸ் சொல்லும் காரணம் என்ன? ஆன்மா முன்பே அறிந்திருந்ததை இப்போது நினைவுகூர்கிறதாம். பூர்வ ஜன்மம்! நமக்குப் பழகிய சரக்குதான்.

தத்துவ மாணவனுக்கு இங்கேதான் வேலை. ஒப்பித்தால் மார்க்கு கிடையாது. வாதம் எந்தப் படியில் வழுக்குகிறது என்று காட்டவேண்டும். மூலைக்கு மூலை கோடு இழுத்தது யார்? சாக்ரடீஸ்தானே! பதிலைக் கேள்விக்குள்ளேயே வைத்துக் கொடுத்துவிட்டு அதை நினைவு என்பதா? ஜியோமெட்ரி என்ற கிரேக்கச் சொல்லுக்கே நில அளவை என்றுதான் பொருள். நைல் நதி அரித்துக்கொண்டு போன வயலைத் திரும்ப அளந்ததில் பிறந்த கலை என்று ஹெரடோட்டஸ் எழுதியிருக்கிறார். வானத்திலிருந்து இறங்கியதல்ல, வயலில் கயிறு பிடித்து அளந்தவர்கள் தந்தது.

இதோடு சாக்ரடீஸ் தோற்றார் என்றும் சொல்லிவிட முடியாது. எல்லாச் சதுரத்தையும் அளந்து பார்க்காமலே, எந்தச் சதுரத்துக்கும் இது பொருந்தும் என்று நாம் எப்படி நம்புகிறோம்? இதற்கு விடை சொல்ல நாம் திணறினோம். இன்னும் திணறுகிறோம்.

இன்னொன்று. எஜமானனைப் போலவே யோசிக்க வல்லவன் என்று காட்டப்பட்ட அந்தப் பையனுக்குப் புத்தகத்தில் பெயர்கூட இல்லை. பாடம் முடிந்ததும் பெரியவர்கள் இருவரும், நற்குணத்தைக் கற்பிக்க முடியுமா என்ற பழைய விவாதத்துக்குத் திரும்பிவிடுகிறார்கள். அவனை விடுதலை செய்யவேண்டும் என்ற பேச்சே எழவில்லை.

மகன் லீவில் வரும்போது இந்தப் பகுதியைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். கயிறு பிடித்தவர்கள் சங்கதியை அவனிடம் நீங்களே கேளுங்கள்.