முயலுக்குக் காய்ந்த புல்

முயல் என்றதும் கையில் கேரட்டோடு போகிறோம். கார்ட்டூன் படங்கள் செய்த வேலை அது! கேரட்டில் இனிப்பு அதிகம். எப்போதாவது ஒரு துண்டு போதும். வளர்ந்த முயலுக்குச் சாப்பாடு காய்ந்த புல்தான்.

காரணம் பல். முயலின் பற்கள் ஆயுள் முழுக்க வளரும். முன்பற்கள் ஆண்டுக்குச் சுமார் 10 சென்டிமீட்டர். புல்லை மணிக்கணக்கில் அரைத்தால்தான் தேயும். தேயாத கடைவாய்ப்பல் கூராகி நாக்கைக் கிழிக்கும். குடல் ஓடவும் அந்த நார்ச்சத்து வேண்டும். அரை நாள் எதையும் தின்னாத முயலை உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

போடிநாயக்கனூர்ப் பக்கம் வெயிலுக்குப் பஞ்சமில்லை, ஆனாலும் புல்லை நேர்வெயிலில் காயப் போடாதீர்கள். கொழுக்கட்டைப்புல், அருகம்புல் எதுவானாலும் பூக்கும் முன் அறுத்து, பச்சை மங்காமல் நிழலில் உலர்த்துங்கள். மேலே போடிமெட்டுப் பக்கம் மூடுபனி. ஈரம் போகாத புல்கட்டில் பூஞ்சணம் பிடிக்கும். அதைப் போடவே கூடாது. ஏலத்தோட்டத்துக்குள் முளைத்த புல்லும் வேண்டாம், செடிக்கு அடித்த மருந்து அதிலும் பட்டிருக்கும். வைக்கோல்? படுக்கைக்குச் சரி, சத்துக் குறைவு. குதிரைமசால் குட்டிகளுக்கு நல்லது. பெரிய முயலுக்குத் தினமும் போட்டால் சுண்ணாம்புச்சத்து மிகுந்து சிறுநீர்ப்பையில் தங்கும்.

கொடைக்கானல் மலையில் மன்னவனூர் இருக்கிறதல்லவா? அங்குள்ள மத்திய செம்மறியாடு, கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையத்தில் வெள்ளை ஜெயண்ட், சோவியத் சின்சில்லா முயல்களை வளர்க்கிறார்கள். அந்தப் பக்கம் போனால் கூண்டில் தீவனம் எப்படி வைக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.