கைப்பிடி சுற்றும் சிறுவன்

(கல்விக் கழக வெள்ளி விழாவில் இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)

வெள்ளி விழா மேடையில் கடந்த காலத்தைப் பேசுவதே மரபு. விழாக் குழுவினரோ வருங்காலத்தைப் பற்றிப் பேசுமாறு பணித்துள்ளனர். அதனையும், இணையத்தில் நம் இளைஞர்கள் வெட்டியும் ஒட்டியும் ஆடுகின்ற விளையாட்டுகளோடு சேர்த்துப் பேச வேண்டுமாம். வருங்காலம் உரைக்க நாம் சோதிடர் அல்லோம். ஆதலின், முன்னாளில் வருங்காலம் உரைத்தவர்கள் எதைக் கண்டார்கள், எதைக் காணாது விட்டார்கள் என்று பார்ப்போம்.

பாரிஸ் மாநகரில் 1900ஆம் ஆண்டு ஓர் உலகக் கண்காட்சி நடைபெற்றது. அக்காலத்தையொட்டிப் பிரெஞ்சு ஓவியர் சிலர், 2000ஆம் ஆண்டில் மக்கள் எவ்வாறு வாழ்வர் என்று சிறு சிறு வண்ணப் படங்கள் வரைந்தனர். ழான் மார்க் கோத்தே என்பார் அவர்களுள் ஒருவர். 1899இல் தொடங்கிய இவ்வரிசை 1910 வரை நீண்டது. நெடுங்காலம் இப்படங்களை அறிந்தோர் மிகச் சிலரே. அறிவியல் எழுத்தாளர் ஐசக் அசிமோவ் 1986இல் இவற்றுக்கு விளக்கம் எழுதி நூலாக வெளியிட்ட பின்னரே பலரும் கண்டனர். இன்று இணையத்தில் தேடுவார் எவர்க்கும் இவை கிடைக்கின்றன.

சிரிக்கத்தக்க படங்கள் பல. திமிங்கிலத்தோடு பிணைத்த ஊர்தியில் அமர்ந்து மக்கள் கடலுக்கடியே பயணம் போகின்றனர். முதுகில் சிறகு கட்டிய தீயணைப்பு வீரர்கள் பறந்து வந்து மாடியில் பற்றிய தீயை அணைக்கின்றனர். முடிதிருத்துபவர் விசைகளை அழுத்த, இரும்புக் கைகள் முகம் மழிக்கின்றன. தரை துடைப்பதற்கும் ஒரு மின்சாரக் கருவி உண்டு. ஆனால் அதன் பக்கத்தில் நின்று இயக்குபவள் பழைய வேலைக்காரப் பெண்ணே. அவளுடைய உடுப்புக்கூட மாறவில்லை.

அவ்வரிசையில் பள்ளிக்கூடப் படம் ஒன்று உண்டு. நம் கழகத்தார் அனைவரும் காண வேண்டியது அது. மாணவர்கள் வரிசையாக அமர்ந்திருக்கின்றனர். அவர்கள் காதுகளில் கருவிகள் மாட்டப்பட்டுள்ளன. அவற்றிலிருந்து கம்பிகள் மேலேறி ஓர் இயந்திரத்தோடு சேர்கின்றன. ஆசிரியர் புத்தகங்களை எடுத்து, அரவை ஆலையில் தானியம் கொட்டுவதுபோல் அவ்வியந்திரத்தின் வாயில் போடுகிறார். நூல் அரைபட்டு, மின்சாரமாகி, பிள்ளைகளின் செவியில் பாய்கிறது. காதில் கருவி மாட்டிக் கைப்பேசியில் பாடங் கேட்கும் இன்றைய பிள்ளைகளைப் பார்க்குங்கால், அவ்வோவியருக்கு நூற்றுக்கு எழுபது மதிப்பெண் தாராளமாகத் தரலாம்.

ஆனால் படத்தின் ஓரத்தை உற்று நோக்குங்கள். இயந்திரத்தின் கைப்பிடியை ஒரு சிறுவன் நின்றபடி சுற்றிக்கொண்டிருக்கிறான். அவன் காதில் கருவி இல்லை; அமர இருக்கையும் இல்லை. மற்றப் பிள்ளைகளின் கல்வி அவனுடைய தோள்வலியால் ஓடுகிறது. தரை துடைக்க மின்சாரத்தைப் பூட்டிய படவரிசையில், இக்கைப்பிடியைச் சுற்ற ஒரு மோட்டாரை வரைய எவருக்கும் தோன்றவில்லை. நூறாண்டு கழித்தும் அவன் அங்கேயே நிற்பான் என்பது அவர்களுக்கு இயல்பாகப் பட்டிருக்கிறது. நம்மை உறக்கமின்றிச் செய்வது அதுவே.

அதே காலத்தில் அமெரிக்காவிலும் ஒருவர் வருங்காலம் உரைத்தார். ஜான் எல்ஃபிரத் வாட்கின்ஸ் என்பார், 1900 டிசம்பரில் ஒரு பெண்கள் இதழில், அடுத்த நூறாண்டில் நிகழக்கூடியவற்றைப் பட்டியலிட்டார். கம்பியில்லாத் தொலைபேசி உலகைச் சுற்றும் என்றார், சுற்றிவிட்டது. எவ்வளவு தொலைவிலிருந்தும் ஒளிப்படம் அனுப்பலாம் என்றார்; அதனைத்தான் நாம் நாள்தோறும் காலை வணக்கம் சொல்லப் பயன்படுத்துகிறோம். ஈயும் கொசுவும் ஒழியும் என்றார். அவரை நம் ஊருக்கு ஒரு மழைக்காலத்தில் அழைத்து வந்திருக்கலாம். குழாயைத் திருகினால் வீட்டுக்குள் வெந்காற்றும் குளிர்காற்றும் வரும் என்பதும் அவர் வாக்கே.

குழாய் என்றதும் நம் நெஞ்சம் சதாராவுக்கு ஓடுகிறது. அந்த ஆண்டுகளில்தான் அண்ணல் அம்பேத்கர் அவ்வூரில் பள்ளிச் சிறுவர். வகுப்பில் ஒரு மூலையில் தனிச் சாக்கில் அமர்ந்தார். தாகம் எடுத்தால் குழாயைத் தாமே திருகுவதற்கு அவருக்கு உரிமையில்லை. பள்ளிப் பணியாள் வந்து திறந்துவிட்டால் தண்ணீர். அவன் வரவில்லையேல் தண்ணீர் இல்லை. பின்னாளில் தம் நினைவுக் குறிப்பில் அண்ணலே எழுதிவைத்த செய்தி இது. ஒரு கண்டத்தில் குழாய்வழிக் காற்று வரும் என்று கனவு. மற்றொரு கண்டத்தில் குழாயைத் தொடத் தடை. பின்னதை நீக்க எந்த இயந்திரமும் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட வேண்டியிருக்கவில்லை.

வாட்கின்சின் பட்டியலில் கல்வியைப் பற்றியும் உண்டு. ஆண் பெண் அனைவர்க்கும் பல்கலைக்கழகக் கல்வி இலவசமாகும், ஏழை மாணவர்க்கு உணவும் உடையும் நூலும் கிடைக்கும், மிக எளியோர் பள்ளிக்கு வந்துசெல்லக் கட்டணமில்லா ஊர்தியும் நண்பகல் உணவும் பெறுவர் என்றார். அவர் நாட்டிலேயே பள்ளி உணவுக்குத் தேசியச் சட்டம் வர 1946 ஆயிற்று. பல்கலைக்கழகக் கல்வி இன்னும் அங்கு எல்லார்க்கும் இலவசமாகவில்லை. நம் மாநிலத்தில் காமராசர் 1956இல் மதிய உணவைத் தொடங்கினார், 1982இல் எம்.ஜி.ஆர். அதனைச் சத்துணவாக விரிவாக்கினார். கட்டணமில்லாப் பேருந்துப் பயணச் சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இவ்வரங்கில் அமர்ந்திருக்கும் பிள்ளைகள் எத்தனை பேர்! தொலைபேசியை நிறுவனங்கள் இலாபம் கருதிக் கொண்டு வந்தன. சோற்றையும் விடுதியையும் மக்கள் கேட்டுக் கேட்டு, அரசு பணம் ஒதுக்கிய பின்னரே பெற்றோம்.

‘ரோபோ’ என்னும் சொல்லின் பிறப்பையும் இளைஞர்கள் அறிய வேண்டும். செக் நாட்டு எழுத்தாளர் கரெல் சாபெக் 1920இல் எழுதிய நாடகத்தில் அது முதலில் வந்தது. ‘ரோபோட்டா’ என்பது அம்மொழியில் கூலியின்றிக் கட்டாயமாகச் செய்யும் ஊழியத்தைக் குறிப்பது. நம் பாட்டன்மார் ‘வெட்டி’ என்று அறிந்திருந்தது அதுவே. 1962இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்த ‘ஜெட்சன்ஸ்’ என்னும் கேலிச்சித்திரத் தொடரில் பறக்கும் மகிழுந்து உண்டு. வீட்டுவேலைக்கு ரோசி என்னும் இயந்திரப் பெண்ணும் உண்டு. இரும்பால் ஆன அவளுக்கும் வேலைக்காரிக்குரிய மேலங்கியைக் கட்டிவிட்டுத்தான் அமைதியடைந்தனர்!

இனி, எவரும் கனவு காணாது விட்ட ஓரிடத்தைச் சொல்ல வேண்டும். கழிவுநீர்க் குழி அது. மனிதன் 1969இல் நிலவில் இறங்கினான். மனிதன் இறங்காமல் குழியைத் துப்புரவு செய்யும் இயந்திரத்தைக் கேரளத்து இளம் பொறியாளர்கள் உருவாக்க, திருவனந்தபுரத்தில் அது பணிக்கு வந்தது 2018இல். பெருச்சாளியின் ஆங்கிலப் பெயரையே அதற்கு இட்டனர். இடையில் 1993இலும் 2013இலும் சட்டங்கள் வந்தன. குழியில் மாண்டவர் குடும்பத்துக்கு 10 இலட்சம் ரூபாய் தருமாறு 2014இல் பணித்த உச்ச நீதிமன்றம், 2023இல் அதனை 30 இலட்சமாக உயர்த்தியது. தொகையை உயர்த்த வேண்டிய தேவை இருந்தது என்பதே, இறக்கம் நிற்கவில்லை என்பதற்குச் சான்று. அக்குழிகளில் இறங்கியவர் யார் என்று இவ்வவையில் விளக்க வேண்டா.

இப்பொழுது இளைஞர்தம் விளையாட்டுக்கு வருவோம். பிறர் செய்த படத்தை எடுத்து, தலையை மாற்றி, வசனத்தை மாற்றிப் புதுப்பொருள் ஏற்றுவதை ‘ரீமிக்ஸ்’ என்றும் ‘மீம்’ என்றும் வழங்குகின்றனர். வேலையற்ற வேலை என்று பெரியோர் சிலர் முகஞ்சுளிப்பர். நமக்கு அதில் உடன்பாடில்லை. 2001இல் வந்த ‘ஃபிரண்ட்ஸ்’ திரைப்படத்தில் வடிவேலுவின் தலையில் சுத்தியல் விழுகிறது. 18 ஆண்டு கழித்து, 2019 மே மாதத்தில், அந்த நேசமணிக்கு என்னவாயிற்றோ என்று தமிழ் இளைஞர்கள் இணையத்தில் கவலைப்படுவதுபோல் நடிக்க, உலகமே யார் அந்த நேசமணி என்று கேட்டது. அச்சகமோ முதலீடோ தேவைப்படவில்லை. வருங்காலத்தை வரையும் தூரிகை ஒருகாலத்தில் பாரிசு வணிகரிடம் இருந்தது. இன்று அது நம் வீட்டுப் பெண்ணின் கைப்பேசியில் இருக்கிறது. அதனைச் சுத்தியலுக்கு மட்டுமே செலவிடுவது ஏன் என்பதுதான் நம் கேள்வி.

சட்டத்தையும் ஒரு சொல் சொல்லிவிடுவோம். பிறர் ஆக்கம் எல்லாம் நம் விருப்பத்துக்குரியதன்று. நம் நாட்டில் ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுவரை நூலுக்குப் பதிப்புரிமை உண்டு. அண்ணல் 1956இல் மறைந்தார். ஆகவே அவர் வாழ்நாளில் வெளியிட்ட நூல்கள் 2017 சனவரி முதல் நாள்தொட்டு மக்கள் உடைமையாயின. லாகூரில் பேசவிடாமல் தடுக்கப்பட்டு, 1936இல் அவர் தம் செலவில் அச்சிட்ட உரையை இன்று எவரும் அச்சிடலாம், படமாக்கலாம், பாட்டாக்கலாம்.

பள்ளிக்கூடப் படத்தின் நகல்கள் படிப்பக மேசையில் அடுக்கி வைக்கப்பட்டுள்ளன. கத்தரிக்கோலும் பசையும் அருகில் உள்ளன. கைப்பேசியில் செய்ய வல்லார் அதிற் செய்க. அச்சிறுவனை எங்கே அமர்த்துவீர்கள், கைப்பிடியை என்ன செய்வீர்கள் என்பது உங்கள் உரிமை. நேற்றே ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி தன் படத்தைக் கொடுத்துவிட்டாள். அதில் அரவை இயந்திரம் இல்லை, கம்பிகளும் இல்லை. அரைக்கப்படவிருந்த நூல்கள் அச்சிறுவனின் மடியில் கிடக்கின்றன. ஆசிரியர் அவனருகில் தரையில் அமர்ந்திருக்கிறார். மற்றப் படங்களை நாளை மாலைக்குள் செயலாளரிடம் சேர்ப்பியுங்கள்.