மலைத்தோட்டமும் மாலுமியும்



பகாங் மாநிலத்துக் கேமரன் மலையில், 1929ஆம் ஆண்டு ரசல் என்னும் பிரிட்டிஷ் வர்த்தகர் தொடங்கிய 'போ' தேயிலைத் தோட்டமும் அதனைப் போன்ற ஏனைய தோட்டங்களும் செழிப்பதற்குத் தமிழ்த் தொழிலாளரின் தேகப் பிரயாசை பிரதான காரணமாகும். ஆயினும், வேலை உள்ளமட்டுமே லயத்து வீடு என்பது தோட்டத்து வழக்கமாகையால், தோட்டத்துப் பெற்றோரின் நித்திய கவலை சொந்தக் கூரையைப் பற்றியதே.

இத்தகைய குடும்பத்தில் பிறந்த ஒருவன், மலையைவிட்டிறங்கி, லுமுட் கடற்படைத் தளத்தில் மாலுமியாகச் சேர்வானாயின், அவன் அனுப்பும் மாதச் சம்பளம் தம்பியின் கல்வியாகவும், தங்கையின் விவாகமாகவும், பெற்றோரின் வீடாகவும் உருமாறுகிறது. அந்நிய நாட்டு அதிகாரிகள் வகித்துவந்த மலேசியக் கடற்படையின் தலைமைப் பதவியை, 1967ஆம் ஆண்டு, தமது 31ஆம் வயதில் ஏற்ற முதல் மலேசியர், கே. தனபாலசிங்கம் என்னும் தமிழரே என்பது நாம் பெருமிதத்துடன் நினைக்கத்தக்கது.

தளபதியின் நாமத்தைச் சரித்திரம் காக்கும். இயந்திர அறையின் உஷ்ணத்திலே யௌவனத்தைச் செலவிட்ட சாதாரண மாலுமியை யார் காப்பார்? கீழ்நிலைப் படைவீரர் 21 ஆண்டுகள் சேவை செய்தாலன்றி மாதாந்திர ஓய்வூதியம் பெறுவதில்லை. குடும்ப பாரத்தால் முன்னரே விலகியவர், நடுவயதில் மறுபடியும் காவலராகவோ லாரி ஓட்டுநராகவோ உழைக்க நேரிடுகிறது.

நேயர்களே! உங்கள் தோட்டத்தில் அத்தகைய முன்னாள் வீரர் இருப்பாராயின், அவரை முன்னாள் படைவீரர் விவகாரத் துறையில் பதிந்துகொள்ளச் செய்து, உரிய உதவிகளைப் பெற்றுத் தருவது நம் கடமையாகும்.